வந்தியின் பங்கை யார் சுமப்பது?

ஆவணி மூலத்தன்று மதுரையில் புட்டுத்தோப்புக்குப் போகும் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் கோயிலிலிருந்து புறப்பட்டு வருவார்கள். திருப்பரங்குன்றத்து முருகன் வருவார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார். சாமி மண் சுமப்பார், பிரம்படி படுவார், புட்டுக்காகக் கூலியாளாக நிற்பார்.

கதையை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகை கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஊருக்கே பங்கு அளந்து விடுகிறான். புட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்குப் பிள்ளை இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை. உதிர்ந்த புட்டு போதும் என்று சொல்லி அவள் பங்கைச் சுமக்க வந்தவர் சிவன்.

இந்தக் கதையில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது, அந்தக் கூலியாளை அரசன் அடித்த அடி எல்லார் முதுகிலும் விழுந்த இடம். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய இடம், பங்கு அளந்த இடம். சுமையைப் பங்கிடும்போது அரண்மனைக் கணக்கில் வந்தியின் பெயர் தவறாமல் இருந்தது. அவளுக்குச் சுமக்க ஆள் உண்டா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதே புட்டுத்தோப்புச் சாலையில்தான் கேப்ரன் ஹால் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 1835-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் பள்ளி அது. புனேயில் சாவித்திரிபாய் புலே பெண்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது 1848-இல். கல்கத்தாவின் பெத்யூன் பள்ளி 1849-இல் பிறந்தது. இரண்டுக்கும் பத்து ஆண்டுகளுக்கு மேல் முந்தியது மதுரையின் இந்த முயற்சி. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் 190 ஆண்டுகளைத் தொட்டுவிட்ட அந்தப் பள்ளியின் கதையிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது பழமைப் பெருமையைவிடப் பெரியது. பெண்கள் படித்த வரலாற்றை ‘யார் பள்ளி திறந்தார்கள்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘செலவை யார் ஏற்றார்கள், பதிலுக்கு என்ன கேட்டார்கள்’ என்று கேட்டுப் பார்த்தால் அதே வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

நாற்பது பையனுக்கு ஒரு பெண்

வெள்ளைக்காரர் வருவதற்கு முன் இங்கே பள்ளியே இல்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். ஒவ்வொரு ஜில்லா கலெக்டரும் தன் எல்லையில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று எழுதி அனுப்பினார்கள். 1826-இல் மன்றோ அதைத் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. திண்ணைப் பள்ளிகளின் வீச்சைக் காட்டும் எண் அது.

அதற்குள்ளே இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. அந்த மாணவர்களில் பெண்கள் 4,540 பேர். ஏறக்குறைய நாற்பது பையன்களுக்கு ஒரு பெண். அந்த ஒருத்தியும் பெரும்பாலும் கோயிலுக்கும் கலைக்கும் நேர்ந்துவிடப்பட்ட குடும்பத்துப் பெண் என்பதே பல கலெக்டர்கள் எழுதிய செய்தி. வீட்டுக்குள் தகப்பனிடமோ தமையனிடமோ எழுத்துக் கற்ற பெண்கள் இந்தக் கணக்கில் வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஊர் மனத்தில் பதிந்திருந்த பாடம் தெளிவு: படிக்கிற பெண் தாசி வீட்டுப் பெண். குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கும் இருந்தது. பையன் படித்தால் கணக்குப்பிள்ளை ஆவான், கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பான். படிக்கவைத்த செலவு வீட்டுக்கே திரும்பும். பெண் படித்தால்? அவள் அடுத்த வீட்டுக்குப் போகிறவள். அவள் படிப்புக்கு ஆகும் செலவு அடுத்தவன் வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீர். அதோடு, பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்வாள், சாணி தட்டுவாள், நெல் குத்துவாள். பள்ளிக்கு அனுப்பினால் அந்த வேலையும் போகும். ஆகவே பள்ளி இலவசம் என்று சொன்னாலும் பெண்ணுக்கு அது இலவசம் இல்லை. அவள் செய்யாமல் போகும் வேலைதான் அவள் கட்டும் சம்பளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழி

இந்தப் பள்ளியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் மதுரைக்கு நேரே பாஸ்டனிலிருந்து வந்துவிடவில்லை. யாழ்ப்பாணம் வழியாக வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் அமெரிக்கப் பாதிரிமாரை எளிதில் விடாத காலம். இலங்கை அப்போது கம்பெனியின் கீழ் இல்லை. அதனால் அவர்கள் 1816-இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். அங்கே 1824-இல் உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ் - ஆங்கில அகராதியால் நமக்குத் தெரிந்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி அவர். பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வளாகத்திலேயே சாப்பிட்டுத் தங்கிவிட்ட சிறுமிகளிடமிருந்து பெண்களின் படிப்பு அங்கே தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. கதையின் முடிச்சு பாடத்தில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது. வெளியார் வீட்டுச் சோறு தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் எழுத்து உள்ளே வந்தது.

1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் கதவைத் திறந்தது. 1834 ஜூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஹொய்சிங்டன், டாட் என்ற பாதிரிமார் இருவரும் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். அதே 1834-இல்தான் ஜான் பிளாக்பர்ன் மதுரைக்குக் கலெக்டராக வந்தார். இந்த ஊரின் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளிவீதிகளை உண்டாக்கியவர் அவர். அந்த வேலையில் அளவை பார்த்த மாரட்டின் பெயரும், ஆட்களை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் மதுரைத் தெருப் பலகைகளில் இருக்கின்றன. ஊரின் சுவர் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், வீட்டு வாசற்படியைத் தாண்டிச் சில சிறுமிகள் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். சுவரை இடிக்கக் கலெக்டரின் உத்தரவு போதுமாக இருந்தது. வாசற்படிக்கு உத்தரவு செல்லாது.

பள்ளி தொடங்கிய 1835-ஆம் ஆண்டின் பிப்ரவரியில்தான் மெக்காலே தன் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். இந்தியர் எந்த மொழியில் படிக்க வேண்டும், சர்க்கார் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று அதில் வரிந்துகட்டி வாதாடினார். அவர் மனத்தில் இருந்த மாணவர் அனைவரும் ஆண்கள். பெண் படிப்புக்குச் சர்க்கார் ஒரு காசு ஒதுக்க வேண்டும் என்ற பேச்சே அப்போது எழவில்லை. மதுரையில் நடந்தது முழுக்கத் தனியார் காரியம். கடல் கடந்த ஊர்ச் சபைகளில் திரட்டிய காணிக்கையில் நடந்தது. அதற்கு உயிர்களும் செலவாயின. டாடின் மனைவி லூசி 1835-லேயே தேவிபட்டினம் கடற்கரையில் இறந்துபோனார்.

சோறும் துணியும் சீதனமும்

‘தனியார் பள்ளி’ என்று இன்று சொன்னால் நம் காதில் விழுவது கட்டணம். அன்றைய தனியார் பள்ளியின் பொருளே வேறு. பிள்ளையிடம் பணம் வாங்கும் இடமாக அது இருக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு போட்டு, துணி கொடுத்து, படுக்க இடம் தந்து, எழுத்தும் சொல்லிக் கொடுத்த இடமாக இருந்தது. பெண்பிள்ளையை வைத்துக்கொள்வதால் வீட்டுக்கு ஆகும் செலவையும், அனுப்புவதால் வீட்டுக்கு ஏற்படும் இழப்பையும் சேர்த்து மிஷன் ஏற்றுக்கொண்டது. உடுவிலில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தார்கள். பெண்ணைப் பெற்றவர் படிக்கவிடாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் காசு கட்டினார்கள்.

வந்தவர்கள் யார்? மானம் மரியாதை என்று ஊர் கட்டிவைத்திருந்த கணக்கில் இழப்பதற்கு அதிகம் இல்லாதவர்கள். ஏழைகள், தாய் தகப்பன் இல்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சபைக்கு வந்த குடும்பத்துப் பெண்கள். நல்ல நிலையில் இருந்த குடும்பங்கள் நெடுங்காலம் வேடிக்கை பார்த்தன. சாதி பள்ளிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்தது. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, பலர் வேலையை விட்டே போனார்கள். ஒரே பாடத்தைப் படிக்கத் தயாராக இருந்தவர்கள் ஒரே பந்தியில் உட்காரத் தயாராக இல்லை.

கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கி 1845-இல் பசுமலைக்குப் போன ஆண்கள் பள்ளியில் உபதேசிமாரும் ஆசிரியர்களும் தயாரானார்கள். அமெரிக்கன் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த உபதேசிகளுக்கு எழுத்தறிந்த கிறிஸ்தவ மனைவிகள் வேண்டும். பெண்கள் பள்ளிக்கு முதலில் இருந்த நோக்கங்களில் அது முக்கியமானது. வேதாகமம் வாசிக்கக் கற்பது, தையல், வீட்டு வேலை என்று பாடமும் அதற்கேற்ப அமைந்தது. அறிவு வேண்டும் என்று யாரும் பெண்ணை அழைக்கவில்லை. நல்ல மனைவி வேண்டும் என்று அழைத்தார்கள். வந்தவள் அறிவையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு விலையும் இருந்தது. யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்ற அமெரிக்கர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான கறல் விசுவநாத பிள்ளையின் பெயரில் உள்ள ‘கறல்’ அப்படி வந்தது. ஆர்னால்ட் சதாசிவம் பிள்ளையின் ‘ஆர்னால்ட்’ அப்படி வந்தது. பெண்பிள்ளைகளுக்கும் இதே வழக்கம்தான். ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டதற்கு ஈடாக அதன் பெயரை வாங்கிக்கொள்வது நல்ல மனத்தோடு நடந்த ஒரு வாணிபம். செலவை ஏற்பவர் நிபந்தனை வைப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு விதவையின் பெயர்

கேப்ரன் ஹால் என்ற பெயர் சாரா கேப்ரன் அம்மையாரை நினைவுறுத்துவது. கணவர் வில்லியம் கேப்ரன், தாது வருஷப் பஞ்சம் தலைதூக்கிய 1876-இல் மானாமதுரையில் இறந்தார். கணவனை இழந்த பெண் ஊர் திரும்பிவிடுவாள் என்று எதிர்பார்த்த காலத்தில், சாரா மதுரை நகரத்துக்கே வந்து தங்கினார். பெண்கள் பள்ளிகளைக் கவனித்தார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தார், வீடுகளுக்குள் போய்ப் பெண்களைச் சந்தித்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அமெரிக்கா திரும்பினார். அங்கே சிகாகோவில் டி.எல். மூடி என்ற போதகர் நிறுவிய விவிலியப் பள்ளியில் பெண்கள் பிரிவை நடத்தினார். விதவை என்றால் வெள்ளைப் புடவையும் மூலை இருட்டும் என்றிருந்த ஊரில், ஒரு விதவை தெருத்தெருவாக நடந்து திரிந்தது மதுரைப் பெண்கள் கண்ட முதல் பாடமாக இருந்திருக்கும். அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பணம் வந்த வழியும் அதற்குள் மாறியிருந்தது. 1868-இல் பாஸ்டனில் பெண்களே சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மிஷன் வாரியம் அமைத்தார்கள். அங்கே வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சில்லறைக் காசு இங்கே பள்ளி நடத்த வந்தது. திருமணமாகாத பெண்கள் தாமே பொறுப்பாளர்களாகக் கப்பல் ஏறி வந்தார்கள். 1884-இல் மதுரைக்கு வந்த ஈவா ஸ்விஃப்ட், 1892-இல் லூசி பெரி நோபிள் பெயரில் பெண்களுக்கான வேதாகமப் பள்ளியை நிறுவினார். மேரி நாய்ஸ் கேப்ரன் ஹாலை நடத்தினார்.

சர்க்காரும் மெல்லக் கையை நீட்டியது. 1854-ஆம் ஆண்டு வுட் அறிக்கை மானிய முறைக்கு வழி சொன்னது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு, பெண்கள் பள்ளிகளுக்கு ஆண்கள் பள்ளிகளைவிடத் தாராளமாகவும் இளகிய நிபந்தனைகளோடும் மானியம் கொடுக்க வேண்டும் என்றது. ‘அரசு உதவிபெறும் பள்ளி’ என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் அடித்தளம் அதுதான். ஆசிரியைப் பயிற்சி சேர்ந்ததும் இன்னொரு கதவு திறந்தது. படித்த பெண் தானே சம்பளம் வாங்கத் தொடங்கினாள். அதுவரை பெண் படிப்புக்கு யாரோ செலவு செய்தார்கள். சம்பளம் கைக்கு வந்த நாளில், செலவு செய்பவர்களின் வரிசையில் அவளும் ஒருத்தியாகச் சேர்ந்தாள். தங்கையைப் படிக்கவைத்த அக்காக்களின் தலைமுறை அங்கே தொடங்குகிறது.

ஆனால் ஒன்று பாருங்கள். கேப்ரன் ஹால், நாய்ஸ், பியர்ஸ் அம்மையார் நினைவாக நிற்கும் ஓ.சி.பி.எம்., லேடி டோக் என்று மதுரைப் பெண் கல்வியின் பெயர்ப்பலகைகளை வரிசையாகப் படித்தால், வந்தவர்களும் கொடுத்தவர்களும் தெரிகிறார்கள். வெயிலில் தெருத்தெருவாக நடந்து, வீட்டு முற்றங்களில் உட்கார்ந்து, நடுவயதுப் பெண்களுக்கு ‘அ’ எழுதக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த தமிழ்ப் பெண்கள் தெரியவில்லை. ‘பைபிள் உமன்’ என்று பொதுப்பெயரில் அழைக்கப்பட்டு, பொதுப்பெயரோடேயே அவர்கள் போய்விட்டார்கள். பெருமாள் மேஸ்திரிக்கு இந்த ஊரில் ஒரு தெரு இருக்கிறது. அவர்களில் ஒருத்திக்கும் ஒரு சந்துகூட இல்லை.

ஒரு பிடி அரிசி

செலவை வெளியூர்க்காரர்தான் ஏற்க வேண்டுமா? மதுரைச் சமவெளி இதற்குத் தன் வழியில் ஒரு விடை கண்டது. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் வீட்டுக்கு வீடு பானை வைத்து, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போடச் சொல்லி, திரட்டிய அரிசியில் பள்ளி நடத்தினார்கள். பிடியரிசிப் பள்ளி என்றே அதற்குப் பெயர் விழுந்தது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அது. தெருவில் நடக்கவும் கோயிலுக்குள் போகவும் போராட வேண்டியிருந்த ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தானே பங்கிட்டுக்கொண்டது. பானையில் அரிசி போட்ட கை பெண்ணின் கை. அந்தப் பள்ளியில் முதலில் உட்கார்ந்த பிள்ளை ஆண்பிள்ளை. செலவில் பங்கு, பயனில் பங்கு இல்லை, மறுபடியும் வந்தி. பெண்களுக்கான பள்ளிகள் பின்னால்தான் வந்தன.

குடும்பமே செலவை ஏற்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் இந்த ஊரிலேயே சான்று உண்டு. மதுரையில் பேருந்துத் தொழிலால் பெயர்பெற்ற டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே மணமாகி, கணவரை இழந்தார். பெற்றோர் அவரை மூலையில் உட்காரவைக்காமல் டெல்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்கவைத்தார்கள். அவர் டாக்டர் சௌந்தரம் ஆனார். 1947-இல் இரண்டாவது கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார். அங்கே எத்தனையோ கிராமத்துப் பெண்கள் படித்தார்கள், பயிற்சி பெற்றார்கள். ஒரு பெண்ணுக்குச் செய்த செலவு அவளோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் எல்லாத் தகப்பனும் சுந்தரம் அய்யங்கார் இல்லை. எல்லா வீட்டிலும் பேருந்து ஓடவில்லை.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மிஷன் பள்ளிகள் வெள்ளைக்காரர் கையிலிருந்து உள்ளூர்க் கைக்கு மாறின. அடுத்த ஆண்டு, கேப்ரன் ஹாலில் நெடுங்காலம் பணியாற்றிய கேட்டி வில்காக்ஸ், தல்லாகுளத்தில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். மதுரையின் முதல் பெண்கள் கல்லூரி அது. ஹார்வி மில் நிர்வாகத்தில் உயர் பொறுப்பு வகித்த சர் ஜேம்ஸ் டோக்கின் மனைவி பெயர் அதற்கு வாய்த்தது. 1953-இல் பாத்திமா கல்லூரி வந்தது. 1965-இல் அரசே மீனாட்சி பெண்கள் கல்லூரியைத் திறந்தது. 1835-க்கும் 1948-க்கும் நடுவில் 113 ஆண்டுகள். முதல் பள்ளிக்கும் முதல் கல்லூரிக்கும் இடையே நான்கு தலைமுறைப் பெண்கள் பள்ளிப் படிப்போடு நின்றார்கள், அல்லது வெளியூர் போனார்கள்.

பந்தி திரும்பி வந்த ஊர்

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பழைய விடுதிப் பள்ளி செய்த ஒவ்வொன்றையும் தமிழ்நாட்டு அரசு மறுபடி செய்திருக்கிறது, பல மடங்கு பெரிதாக. காமராஜரின் மதிய உணவு 1956-இல் வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-இல் வந்தது. பாடநூல், சீருடை, மிதிவண்டி, இலவசப் பேருந்து என்று பட்டியல் நீண்டது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது இதே மதுரையில், நெல்பேட்டையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். ஒரே பந்தியில் உட்கார மாட்டோம் என்று 1847-இல் மிஷன் ஊழியர்கள் எழுந்துபோன ஊரில், 175 ஆண்டுகள் கழித்து எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் வெந்ததைச் சேர்ந்து உண்ணும் காட்சியைத் தொடங்கிவைத்தார்கள். இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சீதனமும் திரும்பி வந்தது. 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டம் வந்தது. தொடக்கத்தில் எட்டாம் வகுப்பு, பிறகு பத்தாம் வகுப்பு வரை பெண் படித்திருந்தால் அவள் கல்யாணத்துக்கு அரசு பணம் கொடுத்தது. உடுவில் பள்ளியின் சீதனத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. படி, கல்யாணத்துக்குக் காசு தருகிறோம். 2022-இல் அந்தத் திட்டமே ‘புதுமைப் பெண்’ ஆனது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். கல்யாணம் என்ற சொல் நிபந்தனையிலிருந்து விழுந்துவிட்டது. பெண் படிப்புக்குச் செலவு செய்பவர் ‘எதற்காகப் படிக்கிறாய்’ என்று கேட்காமல் கொடுத்தது நம் வரலாற்றில் பெரிய திருப்பம். அதைக் கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

1951-இல் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. 2011-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அது 73.44 சதவீதம். ஆண்களின் எண் 86.77. ஏறிய உயரம் தெரிகிறது, பாக்கியும் தெரிகிறது.

இடையில் விடுபட்டவர்கள்

இந்தக் கணக்கில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பெண்களுக்கு முதலில் சோறு போட்டுப் படிக்கவைத்த பள்ளிகளின் வழித்தோன்றல்கள் இன்றைய அரசு உதவிபெறும் பள்ளிகள். அங்கே ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை. அங்கே தமிழ்வழியில் படிக்கும் பெண்களில் மிகப் பலர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போன்றே ஏழைகள். ஆனால் திட்டங்கள் அவர்களிடம் எப்போதும் இரண்டாம் தவணையில்தான் வருகின்றன. புதுமைப் பெண் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022-இல் வந்தது. உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளுக்கு 2024 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காலை உணவு கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024-இல் போனது. நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில். வந்தது நல்லது. ஆனால் பசிக்கு எந்த நிர்வாகத்தின் பள்ளி என்று தெரியாது. காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதிலும் இதே இழுபறி உண்டு. ஓர் ஆசிரியை ஓய்வு பெற்றால் அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடம் யாருடைய பங்கு என்பது தீராத வழக்கு.

மறுபக்கமும் உண்டு. உதவிபெறும் பள்ளிகள் பலவற்றின் வளாகத்திலேயே சுயநிதிப் பிரிவுகள் முளைத்திருக்கின்றன. ஒரே வாசல், ஒரே மணி. ஒரு பக்கத்தில் கட்டணம், மறு பக்கத்தில் இலவசம். நல்ல கழிப்பறை, நல்ல கணினி, நல்ல நாற்காலி எந்தப் பக்கம் போகின்றன என்பதை அந்தந்த நிர்வாகங்கள் மனசாட்சியோடு பார்த்துக்கொள்ள வேண்டும். வீடுகளும் இதே கணக்கைப் போடுகின்றன. மகன் கட்டணம் கட்டும் ஆங்கிலவழிப் பள்ளியின் வேனில் ஏறுகிறான். மகள் இலவசப் பள்ளிக்கு நடந்து போகிறாள். மகளுக்கும் படிப்பு உண்டு என்று ஒத்துக்கொண்ட வீடு, மகளுக்கும் செலவு உண்டு என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 1835-இல் வாசற்படியில் நின்ற அதே கணக்கு, இன்று வேனின் படிக்கட்டில் நிற்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பெண்பிள்ளைக்கான எந்தத் திட்டமும் அவள் படிக்கும் பள்ளியின் நிர்வாக வகையைப் பார்க்காமல், அவள் வீட்டு நிலையை மட்டும் பார்த்து முதல் நாளே போய்ச் சேர வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் வரும் பெண்ணுக்கு நம்பிக்கையான விடுதி வேண்டும். பள்ளிக்கூடத்தைவிட விடுதிதான் பெண்ணைப் படிக்கவைக்கிறது என்பதை அந்த மிஷன் பள்ளிகள் நிறுவிக் காட்டிவிட்டன. பழம்பெரும் பள்ளிகளுக்கும் ஒரு கடன் இருக்கிறது. அலமாரிகளில் தூங்கும் சேர்க்கைப் பதிவேடுகளையும் சம்பளப் பட்டியல்களையும் தூசி தட்டி, கற்பித்த தமிழ்ப் பெண்களின் பெயர்களைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு வகுப்பறைக்கு ஒரு பெயர் வைத்தாலும் போதும். பெயரை விலையாகக் கொடுத்துப் படித்தவர்கள் இருந்த வரலாறு இது. இப்போது பெயரையாவது திருப்பிக் கொடுக்கலாம்.

செலவை ஏற்றவர்கள் எல்லோரும் இந்த வரலாற்றில் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். மிஷன் மதத்தைக் கேட்டது. கொடையாளர் பெயரைக் கேட்டார். சமூகம் சாதிக் கட்டுப்பாட்டைக் கேட்டது. வீடு கல்யாணத்தைக் கேட்டது. அரசு பள்ளியின் வகையைக் கேட்கிறது. உதிர்ந்த புட்டு போதும் என்று சொன்னவர் ஒருவர்தான், அவரும் புராணத்தில் இருக்கிறார்.

அந்தப் புராணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஊரார் எல்லோரும் தங்கள் தங்கள் பங்கை நன்றாகவே அடைத்துவிட்டிருந்தார்கள். கரை முழுக்க உயர்ந்து நின்றது. அரசன் வந்து பார்த்தபோது அடைபடாமல் கிடந்தது வந்தியின் பங்கு மட்டும்தான். வெள்ளம் மற்றவர்கள் அடைத்த கரையைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை. திறந்து கிடந்த அந்த நாலு முழ இடம்தான் அதற்கு வழி.